முதல் பல் விழுந்தால்

அலுவிகாரையில் பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்குகிற ஒழுங்கையில், பர்ஸானாவின் தையல் மெஷின் சத்தம் கேட்காத நாள் குறைவு. ஹபாயா, ஸ்கூல் யூனிஃபோர்ம், கல்யாண வீட்டுச் சட்டை என்று எதைக் கொடுத்தாலும் தைப்பாள். சொன்ன நாளில் கொடுப்பாள். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்று "முடிஞ்சா?" என்று கேட்பவர்களுக்குத்தான் அவளிடம் மரியாதை கிடையாது. "அளவு எடுக்கக்குள்ளயே நாள் செல்லித்தானே அனுப்பின? நாள் வரட்டும், உடுப்பும் வரும்" என்பாள். அந்த வாய்க்குப் பயந்து சிலர் டவுனில் தைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். கை நீளம் ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாகப் போன உடுப்பைச் சுருட்டிக்கொண்டு மறுபடி இவளிடமே வந்து நின்றார்கள்.

அவள் புருஷன் ஷிஃபான் அவளுக்கு நேர் எதிர். மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையில் கம்பியூட்டர் படிப்பித்தார். வகுப்பில் பேசுவதோடு அந்த மனிதருடைய அன்றைய பேச்சு முடிந்துவிடும். வீட்டில் கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. போனில் குரல் அனுப்புகிற பழக்கமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். யாராவது கெமராவைத் தூக்கினால், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர் மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்.

ஆனால் பேசத் தொடங்குமுன் ஒரு செருமல் செருமுவார். வகுப்பு வாசலில் அந்தச் செருமல் கேட்டாலே பிள்ளைகள் எழும்பி நின்றுவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். "ம்க்கும்" என்று ஒரு சத்தம் வந்தால், மனுஷன் ஏதோ சொல்லப் போகிறார் என்று பர்ஸானா பெடலிலிருந்து காலை எடுப்பாள். சில நேரம் செருமிவிட்டு, சொல்ல வந்ததை மறந்தவர் போல எழும்பிப் போய்விடுவார். "செருமின கூலிக்காவது ஒண்டு செல்லிட்டுப் போங்களேன்" என்று இவள் பின்னாலிருந்து கத்துவாள். அவர் சிரித்துக்கொண்டே போவார். பர்ஸானாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும், அதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

பிள்ளை பிறக்க வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். நஸ்ஹா பிறந்த பிறகு ஷிஃபானுடைய வாய் கொஞ்சம் திறந்தது. மற்றவர்களுக்கு ஒரு வசனம் பேசினால் மகளுக்குப் பத்து வசனம் பேசினார். எறும்பு எங்கே போகிறது, மழை ஏன் சாய்ந்து பெய்கிறது, சாதிக்காய்க்கு உள்ளே ஏன் சிவப்புச் சட்டை என்று பிள்ளை கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வெற்றிலைகூட வாயில் போடாத மனிதர். அப்படிப்பட்டவருடைய தொண்டையில்தான் அது வந்து உட்கார்ந்தது.

முதலில் சளி, தடிமன் என்றார்கள். பிறகு டீச்சர்மாருக்கு வருகிற தொண்டைக் கட்டு என்றார்கள். கடைசியில் கண்டியில் ஒரு டொக்டர் கதவைச் சாத்திவிட்டு, குரல் பெட்டியை வெட்டி எடுத்தால் ஆளைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு பேச்சு வராது. திரும்பி வருகிற பஸ்ஸில் பர்ஸானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷிஃபான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஒரு செருமல். "நஸ்ஹாட பல்லு இன்னும் ஒண்டும் ஆடல்லையே?" என்று கேட்டார். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவளுக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு விளங்கியது. ஸ்கூல் விட்டு வந்ததும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போவார், கதவைச் சாத்துவார், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசுவார். ஆபரேஷனுக்குக் கிடைத்த நாளுக்கு முன்னால், மகளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி வைத்துவிட வேண்டும் என்பது எண்ணம். மெஷின் ஓடினால் அந்தச் சத்தமும் உள்ளே போய்விடும் என்று பர்ஸானாவைத் தைக்க விடமாட்டார். பெருநாள் உடுப்புகள் குவிந்து கிடக்கிற நேரம். "எங்களுக்குத் தெரியாம மகளுக்கு அப்பிடி என்ன ரகசியம்?" என்று கதவுக்கு வெளியே நின்று இவள் முறைப்பாடு வைப்பாள். உள்ளேயிருந்து பதில் வரும்: "இது புள்ளைக்கு. நீங்க கேக்க வாணாம்." அதனால் அவள் ஒன்றையும் முழுதாகக் கேட்டதில்லை. கதவு வழியாக வந்த முணுமுணுப்புத்தான் அவள் பங்கு. பல் பற்றிச் சொன்ன அன்று கடைசியில் அவர் சிரித்தார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு காட்டினார். திரையில் "நஸ்ஹாவுக்கு" என்று தலைப்புப் போட்ட ஒரு டொக்கியுமென்ட். அதில் வரிசையாக நீல நிற வரிகள். மழைக்கு லைட் போனால். உம்மாவோடு சண்டை பிடித்தால். முதல் பல் விழுந்தால். குர்ஆன் ஓதி முடித்தால். சோதனையில் ஃபெயிலானால். இன்னும் நீளமாக, கல்யாணமாகிற வயது வரைக்கும் போயிற்று. எந்த வரியை அமத்தினாலும் அதற்குரிய பேச்சு வரும். நேரம் வந்தால்தான் அமத்த வேண்டும், முன்னுக்கே அமத்தினால் கள்ளம் என்று மகளிடம் ஒப்பந்தம் போட்டார். நஸ்ஹா உடனே ஓடிப்போய்க் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆடவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிறு பிள்ளைகளுடைய சிலேட்டில் எழுதிக் காட்டினார். கீழே இழுத்தால் அழிந்துவிடுகிற சிலேட்டு. ஒரு நாள் லெப்டொப்பைக் காட்டி, "வேற கம்பியூட்டருக்கு எடுக்கிறண்டா டி டிரைவ்ல ஈக்கிற ஃபோல்டரையும் சேத்து எடுங்க" என்று எழுதினார். பர்ஸானா தலையாட்டினாள். அவளுக்கு ஃபோல்டர் என்றால் என்ன, டிரைவ் என்றால் என்ன என்று தெரியாது. நோயாளி எதை எழுதினாலும் தலையாட்டுவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. தலையாட்டினால்தான் அவர் சிலேட்டை வைத்துவிட்டுப் படுப்பார். "சரி சரி, கஞ்சி ஆறிப் போகுது" என்றாள். அவர் சிலேட்டின் பிடியை இழுத்தார்.

சில மாதங்களுக்குள் ஷிஃபான் மௌத்தாகிவிட்டார். ஆபரேஷன் குரலை எடுத்துக்கொண்டது, ஆளைத் திருப்பித் தரவில்லை. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், அல்லாஹ்வுடைய நாட்டம் என்று சொல்லி வாயை மூட நாலு பேர் தயாராக இருந்தார்கள். பர்ஸானா கேட்கவில்லை. அவளுடைய அந்தப் பெயர் பெற்ற வாய் அன்றோடு அடங்கிப்போயிற்று. இத்தாவுக்காக வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போக முடியாது, அந்நிய ஆண்கள் பார்க்க முடியாது. கொழுந்தன் என்றாலும் அந்நியன்தான்.

மௌத்து வீட்டுச் சனம் இன்னும் கலையாத ஒரு மாலையில் மழை பிடித்து லைட் போனது. நஸ்ஹா லெப்டொப்பைத் திறந்து, ஒப்பந்தப்படி, மழைக்கு லைட் போனால் என்ற வரியை அமத்தினாள். இருட்டு வீட்டுக்குள் ஒரு செருமல் கேட்டது. பிறகு, "மகள், பயப்புடுறீங்களா? கைய நீட்டுங்க, சுவர் எங்க போகப் போகுது" என்று ஷிஃபானுடைய கரகரத்த குரல். மாமி ஸரீனா, அவரைப் பெற்ற தாய், பாயிலிருந்து எழும்பி "மகன்!" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஓடி, படியில் இடறி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே இருந்துகொண்டு அவள் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அன்றைக்கே லெப்டொப் அல்மாரிக்குள் போய்விட்டது.

அல்மாரிக்குள் போனாலும் மாமிக்கு நிம்மதி இல்லை. அந்த அறைப் பக்கம் போனாலே நெஞ்சு படபடக்கிறது என்றாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்னால் மௌத்தானவருடைய சாமான்களை இல்லாதவர்களுக்கு ஸதகாவாகக் கொடுப்பது வழக்கம். உடுப்புகள் போயின, சப்பாத்து போயிற்று. லெப்டொப்பையும் கொடுத்துவிடுவோம், படிக்கிற பிள்ளை யாருக்காவது உதவும், நன்மை அவருக்குப் போய்ச் சேரும் என்று மாமி சொன்னாள். பர்ஸானாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளிடம் இரண்டே நிபந்தனை. ஒன்று, மகளுடைய அந்த டொக்கியுமென்டை ஒரு பென் டிரைவில் எடுத்துத் தர வேண்டும். மற்றது, லெப்டொப்பில் இருக்கிற அத்தனையையும் அழித்துவிட வேண்டும். வீட்டுப் பெண்களுடைய படங்கள் அதில் கிடந்தன. முக்காடு இல்லாமல் எடுத்தது, பெருநாளன்று மருதோன்றியோடு எடுத்தது எல்லாம். அவளுக்கு வேண்டிய படங்கள் அவளுடைய போனிலும் இருந்தன. இவை வேற்று ஆள் கையில் போகக் கூடாது.

ஷிஃபானுடைய தம்பி றினோஸ்தான் எல்லாவற்றையும் செய்தான். வங்கியில் வேலை, சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்கிற பிள்ளை. அறை வாசல் திரைக்கு அந்தப் பக்கம் லெப்டொப்போடு உட்கார்ந்தான். பர்ஸானா திரைக்கு இந்தப் பக்கம்.

"மதினி, டொக்கியுமென்ட்ட பென்ல போட்டுட்டேன்."

"தொறந்து பாத்தீங்களா?"

"ஓ. எல்லா வரியும் ஈக்கிது."

"வரி ஈந்து என்ன செய்ய? ஒங்கட நானா பேசுறாரா எண்டு பாருங்க."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளிக். ஒரு செருமல். "மகள், பயப்புடுறீங்களா?" என்று அந்தக் குரல்.

பர்ஸானா சேலையை வாயில் திணித்துக்கொண்டாள். "இது பென்ல இருந்தா பேசுது?"

"ஓ மதினி, பென்ல இருந்துதான் தொறந்தேன்."

"கைய நீட்டுங்க" என்பது வரைக்கும் வந்தது. மாமிக்குக் கேட்டுவிடும். அதைவிட, அவளாலேயே தாங்க முடியவில்லை. "போதும்" என்றாள். "நிப்பாட்டுங்க. நிப்பாட்டுங்க றினோஸ்." குரல் நின்றது.  பிறகு அவள் சொன்னாள், "இனி லெப்டொப்ல உள்ளது எல்லாத்தையும் அழிங்க. ஒரு படம்கூட மிஞ்சக் கூடாது."

றினோஸ் அப்படியே செய்தான். ஒன்றும் மிஞ்சவில்லை.

பென் டிரைவைப் பர்ஸானா தைக்கிற பெட்டியில், நூல்கட்டைகளுக்கு அடியில் வைத்தாள். இத்தா முடிந்தது. வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை, இவ்வளவு சீக்கிரம் பெடல் மிதிக்கிறாளே என்றும் ஒருத்தி சொன்னாள். முன்பென்றால் அந்த ஒருத்திக்கு உடனே பதில் போயிருக்கும். இப்போது பர்ஸானா ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நடுவில் எப்போதாவது காலை எடுத்துவிட்டுக் காது கொடுப்பாள். ஒழுங்கையில் ஆட்டோ போகிற சத்தம்தான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை நஸ்ஹாவுடைய கீழ்ப்பல் ஆடியது. அடுத்த வாரம் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டைக் கடிக்கும்போது விழுந்தது. இரத்தத்தைக்கூடத் துடைக்காமல் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "உம்மா, இப்ப கள்ளமில்ல! இப்ப அமத்தேலும்!" வீட்டில் கம்பியூட்டர் இல்லை. பர்ஸானா தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டாள், பல்லை ஒரு துண்டுத் துணியில் முடிந்தாள், பென் டிரைவை எடுத்துக்கொண்டு, மகளோடு டவுனுக்கு பஸ் ஏறினாள். தைரியமாக இருக்க வேண்டும், கடைக்குள் அழக் கூடாது என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அழாமல் இருப்பதுதான் அன்றைக்குப் பெரிய கஷ்டம் என்று அவள் நினைத்திருந்தாள், பாவம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸுஹைலுடைய கொமினிகேஷன் கடை. ஃபோட்டோ கொப்பி, டைப்பிங், போன் ரிப்பேர் எல்லாம் உண்டு. ஷிஃபான் சேரை அவனுக்குத் தெரியும், பர்ஸானாவை அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடுவான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், நஸ்ஹாவைத் தூக்கி இருத்தினான், டொக்கியுமென்டைத் திறந்தான். நீல வரிகள் ஒன்றும் குறையாமல் வந்தன. நஸ்ஹாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது. "மு-த-ல் ப-ல்" என்று விரலை வைத்துத் தேடிப் பிடித்து, தானே அமத்தினாள்.

ஒரு பெட்டி வந்தது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"அது என்ன செல்லுது?" என்று பர்ஸானா கேட்டாள்.

"ஃபைல் இல்லையாம் தாத்தா. இருங்க, பாப்போம்." ஸுஹைல் அடுத்த வரியை அமத்தினான். அதற்கடுத்ததை அமத்தினான். மழை வரியையும் அமத்தினான். எல்லாவற்றுக்கும் அதே பெட்டி. பிறகு ஒரு வரியின் மேல் அம்பை வைத்துவிட்டுக் கையை எடுத்தான். சின்ன எழுத்தில் ஏதோ மேலெழுந்தது. அவன் முகம் மாறியதைப் பர்ஸானா கண்டாள்.

"தாத்தா, இதுல பேச்சு இல்ல. பேச்சு வச்சீக்கிற எடத்துக்குப் போற வழி மட்டும்தான் எழுதீக்கி. சேர்ட லெப்டொப்ல டி டிரைவ், அதுக்குள்ள ஒரு ஃபோல்டர். அங்க போய் எடு எண்டு செல்லுது. இந்தக் கம்பியூட்டர்ல அந்த எடமே இல்லையே."

"இல்ல தம்பி, பென்ல இருந்து போட்டுப் பாத்த. என்ட காதால கேட்டேன்."

"எந்தக் கம்பியூட்டர்ல போட்டுப் பாத்த?"

 பர்ஸானாவுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. ஸுஹைல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "சேர்ட லெப்டொப்லயே போட்டா, பென்ல இருந்து தொறந்தாலும் அது டி டிரைவுக்குப் போய்த்தான் எடுக்கும். அங்க சாமான் இருந்திச்சு, பேசிச்சு. பேச்சையும் டொக்கியுமென்ட்டையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, அங்க வச்சு லிங்க் குடுத்து, ஃபோல்டரோட தூக்கி இருந்தா எங்க கொண்டு போனாலும் பக்கத்துலயே தேடி எடுத்தீக்கும்."

ஃபோல்டரையும் சேத்து எடுங்க. சிலேட்டில் இருந்த எழுத்து அவள் கண் முன்னால் வந்து நின்றது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டியைத் தன் வாயாலேயே சொல்லிக் கழுவிக் கவிழ்க்க வைத்திருக்கிறாள், ஒரு படம்கூட மிஞ்சக் கூடாது என்று. கடைக்குள் அழக் கூடாது என்று வந்தவள் அழவில்லைதான். அழுகை வருகிற இடத்தையும் தாண்டிப் போயிருந்தாள்.

"வாப்பா ஏன் பேசுறார் இல்ல?" என்று நஸ்ஹா கேட்டாள். வாயில் விழுந்த பல்லின் இடம் சின்னதாகத் தெரிந்தது.

அன்று பின்னேரமே றினோஸ் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நானாட குரல என்ட கையால அழிச்சேனே மதினி" என்றான். வங்கியில் கோட்டும் சப்பாத்துமாகத் திரிகிற ஆள், சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதான். பர்ஸானா அவனைத் திட்டவில்லை. "நான் செல்லித்தானே செஞ்சீங்க" என்றாள். மாமி மூலையில் இருந்துகொண்டு, "நான்தான் அத வீட்ட விட்டு வெரட்டினேன்" என்றாள். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

லெப்டொப் போன இடத்தை றினோஸ் தேடிப் பிடித்தான். றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிற விதுஷாவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஷிஃபானிடம் கம்பியூட்டர் படித்த பிள்ளை, இப்போது கெம்பஸில் படிக்கிறாள். அவள் லீவில் வீட்டில் இருந்தாள். விஷயம் தெரிந்த மறுநாளே முதல் பஸ்ஸில் லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸுஹைலுடைய கடைக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதுங்க. ஒண்ணுமே இல்லாமத்தான் வந்துச்சு. நான் என்னோட பாடத்தையெல்லாம் போட்டு நெரப்பிட்டேன்" என்று பர்ஸானாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாடத்தை நிரப்பியதற்கு மன்னிப்புக் கேட்கிற அந்தப் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்வது? ஸதகா கொடுத்ததே படிப்பதற்குத்தான்.

அழித்ததைத் தோண்டி எடுக்கிற புரோகிராம் ஒன்று ஸுஹைலிடம் இருந்தது. அதை ஓட விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நஸ்ஹா ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரிசை வந்தது. பெயர்கள் இல்லை, வெறும் இலக்கங்கள். ஸுஹைல் ஒவ்வொன்றாக அமத்தினான். ஒன்று திறக்கவே இல்லை. ஒன்றில் விதுஷாவுடைய விரிவுரையாளர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒன்றில் இரைச்சல். பல ஃபைல்களுக்கு மேலே புதுப் பாடங்கள் எழுதப்பட்டுவிட்டன, அடியில் கிடந்தது போய்விட்டது என்று அவன் சொன்னான். பர்ஸானா ஓதிக்கொண்டே இருந்தாள். ஒன்று போதும், ரப்பே, ஒன்று.

கடைசிக்குக் கிட்ட ஒன்றை அமத்தியபோது, "ம்க்கும்" என்றது.

விதுஷா சட்டென்று எழும்பி நின்றாள். தான் எழும்பியது அவளுக்கே தெரியவில்லை. கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு தெரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் ஒரு மூச்சு மட்டும் வந்தது, யாரோ வாயைத் திறக்கிற மூச்சு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஸுஹைல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். செருமல், மூச்சு, அமைதி. மற்ற ஒன்றிலும் அதுகூட இல்லை.

"எந்த வரிக்குரியது இது?" என்று பர்ஸானா கேட்டாள்.

"பேர் போயிட்டே தாத்தா. எது எண்டு செல்ல ஏலா."

எல்லாப் பேச்சும் செருமலில்தானே தொடங்கியிருக்கும். மழையாகவும் இருக்கலாம், கல்யாணமாகவும் இருக்கலாம். பர்ஸானா கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள். "பல்லுட வரிக்குப் போடுங்க" என்றாள்.

ஸுஹைல் இந்த முறை ஒரு பிழையும் விடவில்லை. ஒரு ஃபோல்டர் செய்தான். டொக்கியுமென்டையும் அந்தச் செருமலையும் அதற்குள் வைத்தான், அங்கே வைத்தே நீல வரியைப் புதிதாகக் கட்டினான், ஃபோல்டரோடு பென்னில் ஏற்றினான். கடையில் இருந்த ஒவ்வொரு கம்பியூட்டரிலும் குத்திப் பார்த்தான், எதிர்க்கடைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தான். எல்லாவற்றிலும் வேலை செய்தது. "இனிப் பயமில்ல தாத்தா. எங்க கொண்டு போனாலும் தொறக்கும்" என்றான். சொல்லிவிட்டு, தான் என்ன சொல்கிறோம் என்று விளங்கியவன் போல அப்பால் திரும்பிக்கொண்டான்.

விதுஷா லெப்டொப்பைத் திருப்பித் தருவதாகச் சொல்லி மல்லுக்கு நின்றாள். பர்ஸானா அதை அவள் கையிலேயே திணித்தாள். "அவர்ட பேரால குடுத்தது. படிங்க மகள். நீங்க படிச்சாத்தான் அவருக்கு நன்ம" என்றாள். தோட்டத்துப் பிள்ளை அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

றினோஸ் மாலையில் தன்னுடைய லெப்டொப்பைக் கொண்டு வந்து கூடத்து மேசையில் வைத்தான். இந்த முறை ஒளிக்கவில்லை, மாமியையும் கூப்பிட்டு இருத்தினார்கள். அவள் தஸ்பீஹ் மணியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நஸ்ஹா தலை சீவி, துணியில் முடிந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். வாப்பாவுக்குக் காட்டுவதற்காம். கடையில் கேட்டதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. அது கடை, அங்கே எத்தனை பேர், வாப்பா அத்தனை பேருக்கு முன்னால் எப்படிப் பேசுவார் என்பது அவள் நியாயம். அந்த நியாயத்தை உடைக்க யாருக்கும் வாய் வரவில்லை.

நஸ்ஹா வரியைத் தேடி அமத்தினாள்.

"ம்க்கும்."

மெஷினில் உட்கார்ந்திருந்த பர்ஸானாவின் கால், அவள் அறியாமலே பெடலை விட்டு விலகியது. மாமியின் தஸ்பீஹ் நின்றது. அந்த மூச்சு வந்தது, போனது. பிறகு கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. நஸ்ஹா கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் முடிச்சு மேசையில் இருந்தது. றினோஸ் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டான்.

இனியும் பிள்ளையைக் காக்க வைப்பது பாவம் என்று பர்ஸானாவுக்குப் பட்டது. ஏதாவது சொல்ல வேண்டும். அவர் சொல்லியிருக்கக் கூடியதையாவது சொல்லிப் பார்க்க வேண்டும். கிட்டப் போய் மகளுடைய தோளில் கையை வைத்தாள். "மகள்..." என்று தொடங்கினாள்.

நஸ்ஹா திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் கையை நீட்டி, தாயின் வாயைப் பொத்தினாள்.

"பேசாம இருங்க உம்மா. வாப்பா இப்ப செல்லுவார்."